உடல், தோற்றம், உடற்பயிற்சி: மலையகப் பல்கலைக்கழக மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராதனையிலும் பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் பயிலும் தமிழ் பேசும் மாணவர்கள், உடற்பயிற்சியைத் தொடங்கும்போதும் கண்ணாடியைப் பார்த்து மனம் சோரும்போதும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. தோட்டத்து லயனிலிருந்து வருபவர், அக்குறணை, மாவனல்லைப் பக்கமிருந்து வருபவர், யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ முதன்முறையாக மலையேறி வருபவர் ஆகிய எல்லோரையும் மனத்திற் கொண்டே விடைகள் எழுதப்பட்டுள்ளன. பெரும்பாலான கேள்விகளுக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: என் உடலை அளக்கும் கோல் யாருடையது? ஆகவே உடலைப் பற்றிப் பேசுமிடத்தெல்லாம் அந்தக் கோலைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

என் நிறை கூடுதலா, குறைவா என்பதை எப்படி அறிவது? பி.எம்.ஐ. அளவை நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம். நிறையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. எனப்படும் உடற்திணிவுச் சுட்டி கிடைக்கும். 1.55 மீற்றர் உயரமும் 55 கிலோகிராம் நிறையும் உடையவருக்கு அது 22.9. இந்தச் சூத்திரத்தை 19ஆம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜிய நாட்டுப் புள்ளிவிபரவியலாளர் அடோல்ஃப் கெற்றலே, சராசரி மனிதனை விவரிக்க முயன்றாரே தவிரத் தனியொருவரின் உடல்நலத்தைத் தீர்மானிக்க முயலவில்லை. 1972இல் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இன்றைய பெயரை அதற்குச் சூட்டினர்.

25 வரை சாதாரணம் என்று ஜிம் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் அட்டவணை நமக்கு முழுமையாகப் பொருந்தாது. தெற்காசியரின் உடலில் அதே நிறைக்குள் கொழுப்பின் பங்கு கூடுதலாகவும், அதிலும் வயிற்றுப் பகுதியில் திரள்வதாகவும் இருப்பதால், ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்றும் 27.5க்கு மேல் அது அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் அறிவித்தது. மறுபுறம், எடை தூக்கித் தசை வளர்த்த ஒருவருக்கு 26 வந்தாலும் அவர் பருமனானவர் ஆகிவிடுவதில்லை. இடுப்புச் சுற்றளவு இதைவிடப் பயனுள்ள அளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் தையற்காரர் நாடாவைச் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் எல்லை. அதைத் தாண்டியிருந்தால் உணவையும் நடமாட்டத்தையும் கவனிக்க வேண்டும். தாண்டவில்லையென்றால் நிறை பார்க்கும் இயந்திரத்தில் தினமும் ஏறி இறங்குவதில் பயன் எதுவும் இல்லை.

நான் குள்ளம். தொங்கிப் பயிற்சி செய்தால் உயரம் கூடுமா?

கூடாது. எலும்பு நுனிகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் பெண்களுக்குப் பதினைந்து, பதினாறு வயதளவிலும் ஆண்களுக்கு அதற்கு ஓரிரு ஆண்டுகள் பின்னரும் மூடிவிடுகின்றன. உயரம் கூட்டும் மாவு என்று விற்கப்படுவதை வாங்கும் பணத்துக்கு முட்டை வாங்கலாம்.

ஆனால் இக்கேள்வியைத் தோட்டப்புற மாணவர்களே அதிகம் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் ஏறத்தாழ 17 வீதம். தோட்டப்புறத்தில் மட்டும் ஏறத்தாழ 32 வீதம். தாயின் குருதிச்சோகை, பிறப்பு நிறைக் குறைவு, முதல் ஆயிரம் நாட்களில் கிடைத்த உணவு, லயனைச் சுற்றியிருந்த தண்ணீரும் கழிவறையும் ஆகிய எல்லாம் சேர்ந்தே ஒருவரின் உயரத்தைத் தீர்மானித்திருக்கின்றன. விரிவுரை மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார நேர்வதைத் தனிப்பட்ட குறையாக எண்ணிக் குனிந்து நடப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உயரமான பெண்களுக்கும் நிம்மதி இல்லை. மாப்பிள்ளை எங்கே தேடுவது என்பார்கள். ஆறடி பத்தங்குல உயரமுள்ள தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் விளையாடியவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

நான் பெண். எடை தூக்கினால் உடல் ஆண்பிள்ளை போல் ஆகிவிடும் என்று அம்மா தடுக்கிறார். உண்மையா?

உண்மையில்லை. பெரிய தசைகளை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோன், ஆண்களின் குருதியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்களிடம் இருப்பதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் எடை தூக்கும் பெண்ணுக்குக் கையும் தோளும் சற்று இறுகும், படியேறும்போது மூச்சு வாங்குவது குறையும், முதுகுவலி தணியும். அதைவிட முக்கியமானது எலும்பு. எலும்பின் அடர்த்தி முப்பது வயதுக்குள் உச்சத்தை எட்டிவிடுகிறது. அதன் பின் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். வளர்ந்தோர் அனைவரும், பெண் ஆண் வேறுபாடின்றி, வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை.

பாரம் தூக்குவது பெண்மைக்கு ஒவ்வாது என்ற பேச்சு மலையகத்தில் எழுவதே வேடிக்கையானது. காலை ஏழு மணி பனியில் செங்குத்தான மலையில் ஏறி, கொழுந்துப் பாரத்தைத் தலைக்கயிற்றிலோ முதுகிலோ சுமந்து, மழையில் வழுக்கும் சரிவில் நிறுக்கும் இடம்வரை நடப்பவர்கள் பெண்கள். பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து 18 கிலோகிராம் அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தோள்களை யாரும் ஆண்பிள்ளைத் தோள் என்று சொன்னதில்லை. சம்பளத்துக்காகத் தூக்கினால் உழைப்பு, தனக்காகத் தூக்கினால் அடங்காத்தனம் என்ற கணக்குதான் உள்ளே இருக்கிறது. அம்மாவிடம் இதை வாதமாகச் சொல்ல வேண்டியதில்லை. தோள் வலிக்கும் முழங்கால் வலிக்கும் நீங்கள் கற்ற இரண்டு பயிற்சிகளை அவருக்கும் சொல்லிக் கொடுங்கள். தடை பெரும்பாலும் அதோடு தளர்ந்துவிடுகிறது.

ஜிம்மில் எல்லாரும் ஆண்கள். உள்ளே போகவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கூச்சத்தை நீங்கள் வெல்ல வேண்டும் என்று மட்டும் சொல்வது பாதி விடை. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பயில்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். ஆனால் மாலை நாலரை மணிக்கு மைதானத்தைப் பார்த்தால் கிரிக்கெட்டும் ரக்பியும் நடுவை எடுத்துக்கொள்ள, பெண்கள் ஓரத்தில் வட்டமாக நடப்பதையே காண்கிறோம். பெண்களுக்கென்று நேரம் ஒதுக்குமாறு நாலைந்து பேர் கையொப்பமிட்டு உடற்கல்விப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். எந்த நாட்கள், எத்தனை மணி, எத்தனை பேர் வருவோம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வாய்மொழிக் கோரிக்கை அடுத்த தவணையில் மறக்கப்பட்டுவிடும். கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உடையைப் பொறுத்தவரை, தளர்ந்த நீளக்கை டீசேர்ட்டும் ட்ராக் பொட்டமும் எல்லாப் பயிற்சிக்கும் போதும். பர்தா அணிபவர்கள் முனைகளைக் கழுத்தில் சுற்றித் தொங்கவிடாமல், உள்ளே செருகக்கூடிய சிறிய துணியைத் தெரிவு செய்வது இயந்திரங்களருகில் பாதுகாப்பானது. ஓடுவதாக இருந்தால் விளையாட்டுக்கென்றே தைத்த உள்ளாடை தேவை. இதைக் கேட்கத் தயங்கி, மார்பு வலிக்காக ஓட்டத்தையே விட்டவர்கள் உண்டு.

ஜிம் இல்லாவிட்டாலும் பேராதனைப் பக்கம் ஹந்தானை மலைச் சரிவு இருக்கிறது. கூட்டமாகப் போங்கள், நண்பகலுக்கு முன் இறங்கிவிடுங்கள், மூடுபனி இறங்கினால் பாதை பத்தடிக்கு அப்பால் தெரியாது. அட்டைக்கு உப்பும் நீண்ட காலுறையும். யாரேனும் பின்தொடர்ந்தாலோ தொல்லை கொடுத்தாலோ 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

நான் ஆண். மெலிந்த உடம்பு. சட்டையைக் கழற்றிக் குளிக்கவே வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதத்தில் சிக்ஸ் பேக் வருமா?

ஆண்களும் இப்படி வருந்துகிறார்கள் என்பதை விடுதிகளில் யாரும் வெளியே பேசுவதில்லை. பெண்ணிடம் மெலிந்திரு என்றும் ஆணிடம் பெருத்திரு என்றும் சொல்லும் அதே குரல்தான் இருவரையும் வாட்டுகிறது. ஆணுக்கு வருந்தும் உரிமையும் மறுக்கப்பட்டிருப்பதால் அது கேலியாகவோ வெறியாகவோ வெளிப்படுகிறது.

வயிற்றுத் தசை எல்லோருக்கும் இருக்கிறது. மேலே உள்ள கொழுப்பு மிகக் குறைந்தால்தான் கோடுகள் தெரியும். கைபேசியில் வரும் படங்கள் பலவும் தண்ணீரைக் குறைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், பயிற்சி முடிந்த கணத்தில் எடுக்கப்பட்டவை. அந்த உடல் மறுநாள் காலையில் அப்படி இருப்பதில்லை. புதிதாகத் தொடங்குபவர் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கி எடை தூக்கினால் முதல் சில மாதங்களில் வலிமை வேகமாகக் கூடும். தோற்றம் அதைவிட மெதுவாகவே மாறும்.

ஆனால் ஒரு எல்லையைக் கவனியுங்கள். நன்றாகத் தசை வளர்ந்த பின்னரும் தான் சிறுத்திருப்பதாகவே ஒருவர் நம்புவது, பயிற்சி தவறினால் பதறுவது, பரீட்சையையும் நண்பர்களையும் ஒதுக்கிவிட்டு ஜிம்முக்குப் போவது, கண்ணாடியை ஓயாமல் பார்ப்பது அல்லது முற்றாகத் தவிர்ப்பது ஆகியவை ஒரு நோயின் குறிகளாக இருக்கக்கூடும். அமெரிக்க உளவைத்தியர் ஹரிசன் போப்பும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் இதற்குத் தசைத் தோற்றக் கோளாறு (muscle dysmorphia) என்று பெயரிட்டனர். 2013இல் வெளியான அமெரிக்க உளநோய்க் கையேடு இதை உடற்தோற்றம் பற்றிய மனக்கோளாற்றின் ஒரு வகையாகச் சேர்த்துக்கொண்டது. சிகிச்சை உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை அழைத்துத் தமிழில் பேசலாம். உணவை வெறுத்து ஒதுக்குபவர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர்கள் ஆகியோருக்கும் அதே இலக்கம்.

புரத மாவு வாங்க வசதியில்லை. மகாபொல புலமைப்பரிசில் பணத்தில் எப்படிச் சமாளிப்பது?

பயிற்சி செய்பவருக்கு ஒவ்வொரு கிலோகிராம் நிறைக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் இருந்தால் நல்லது. 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு அது 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் உலர் பருப்பில் ஏறத்தாழ 24 கிராம், 100 கிராம் உலர்ந்த சோயா மீற்றில் ஏறத்தாழ 50 கிராம், ஒரு கை நிலக்கடலையில் 7 கிராம். போர்டிங்கில் ஒரு சட்டியில் பருப்பும் சோயா மீற்றும் வைக்கத் தெரிந்தவருக்கு மாவு தேவையில்லை. நெத்தலிக் கருவாடும் நல்லதுதான். ஊறவைத்து உப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கன்டீனில் பிரச்சினை மாச்சத்து. காலையில் பாணும் சம்பலும், பத்து மணிக்கு ரோல்ஸ், இரவில் பராட்டா என்று போனால் வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் சேராது.

இங்கே தேயிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுடன் குடிக்கும் பிளேன்டீ, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உறிஞ்சப்படுவதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும். மாதவிடாயில் இரும்பை இழக்கும் பெண்களுக்கு இது பெரிய இழப்பு. ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே உள்ள பெண்ணுக்கு எந்தப் பயிற்சித் திட்டமும் ஏறாது. மாடிப்படியில் மூச்சிரைப்பதைத் தன் சோம்பலென்றே அவர் எண்ணிக்கொண்டிருப்பார். தேநீரை உணவிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். சோற்றில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள்.

ஜிம்மில் ஓர் அண்ணா ஊசி தருவதாகச் சொல்கிறார். ஒரு சுற்று மட்டும் போட்டால் ஆபத்தா?

ஆபத்துதான். அனபோலிக் ஸ்டீரொயிட் உள்ளே போனதும் உடல் தன் சொந்த டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. விதை சுருங்குதல், விந்தணுக் குறைவு, மார்பகம் வளர்தல், பரு, நல்ல கொழுப்பு வீழ்தல் ஆகியன தொடரும். வாய்வழி மாத்திரைகள் ஈரலையும் தாக்கும். பெண்களுக்குக் குரல் தடித்தால் மருந்தை விட்ட பின்னும் அது திரும்புவதில்லை. பல்கலைக்கழக அணிக்கு விளையாடுபவர் ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டால் தடையும் வரும்.

நிறம் வெளுக்கும் கிறீம் பூசலாமா?

வேண்டாம். பெயர் தெரியாத டப்பாக்களில் பாதரசம், கடும் ஸ்டீரொயிட், ஹைட்ரோகுவினோன் ஆகியவை கலந்திருப்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. பாதரசம் சிறுநீரகத்தைச் சேதப்படுத்தும். ஸ்டீரொயிட் தோலை மெலியச் செய்து, நிறுத்தியதும் முகத்தைச் சிவந்து எரியவைக்கும். பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை ஒழிக்க வகைசெய்யும் மினமாற்றா உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. அப்படியிருந்தும் கல்யாணத் தரகர் "பிள்ளை நிறமா?" என்று கேட்பதை எந்த உடன்படிக்கையும் நிறுத்தவில்லை. மலையின் உயரத்தில் புற ஊதாக் கதிர் கூடுதல் என்பதால் பன்னிரண்டு மணி வெயிலில் தொப்பி போடுங்கள். அது வெளுப்பதற்கு அல்ல, தோலைக் காப்பதற்கு.

மாதவிடாய் நாட்களில் பயிற்சி செய்யலாமா? மூன்று மாதமாக வரவேயில்லை என்றால்?

செய்யலாம், வலியுள்ள நாளில் குறைத்துக்கொள்ளலாம். பலருக்கு மெதுவான நடை வலியையே தணிக்கிறது.

மூன்று மாதம் வராவிட்டால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்து குறைவாகச் சாப்பிடும் பெண்ணின் உடல், சக்தி போதாமையால் மாதவிடாயை நிறுத்திக்கொள்ளும். அத்துடன் எலும்பும் மெலியத் தொடங்கும். நிறை குறைந்ததைப் பார்த்து எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே இது நடப்பதுண்டு. மற்றொரு காரணம் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சூலகக் கோளாறு. இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடிய இக்கோளாற்றில் முகத்தில் மயிர், பரு, நிறைக் கூடுதல் ஆகியன வரும். கழுத்தின் பின்புறமும் கக்கமும் பட்டுப்போலக் கறுத்துத் தடித்திருந்தால் அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அதை அழுக்கென்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தோலுரியத் தேய்க்கும் பிள்ளைகளை என்ன சொல்வது? தேய்த்துப் போகாது, குருதிப் பரிசோதனை செய்யுங்கள்.

முதலாம் வருடத்தில் சிரேஷ்டர்கள் என் உடம்பை வைத்துப் பட்டப்பெயர் சூட்டினார்கள். இதையும் பகிடிவதை என்று முறைப்பாடு செய்ய முடியுமா?

முடியும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் மாணவருக்கு உடற்காயத்தையோ உளக்காயத்தையோ அச்சத்தையோ விளைவிக்கும் செயலைப் பகிடிவதை என்றே கொள்கிறது. குற்றவாளிக்கு இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை விதிக்கலாம். எல்லாக் கேலிக்கும் பொலிஸுக்குப் போங்கள் என்பதல்ல கருத்து. மாணவ ஆலோசகரிடம் திகதி, இடம், சொன்ன சொல் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து வையுங்கள். பட்டப்பெயர் நாலு வருடமும் ஒட்டிக்கொண்டு, பட்டமளிப்புப் படத்தின் கீழும் அதையே எழுதும் வழக்கத்தை அன்பென்று பலர் நினைக்கிறார்கள். சூட்டப்பட்டவரிடம் தனியே கேட்டால் வேறு பதில் வரும்.

ஆண், பெண் என்ற பிரிவில் நான் பொருந்தவில்லை. எந்த நேரத்தில் ஜிம்முக்குப் போவது?

உங்களுக்குப் பாதுகாப்பான நேரத்தில், நம்பிக்கையான ஒருவருடன். மார்பைத் தட்டையாக்க இறுக்கமான கட்டு அணிபவர்கள் பயிற்சியின்போது அதைக் கழற்றிவிட வேண்டும். மூச்சு முழுமையாக விரியாது, விலா எலும்புக்கும் சேதம். சாதாரண நாளிலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காயக்கட்டுத் துணியால் ஒருபோதும் சுற்றாதீர்கள். அது நகர நகர இறுகும். இலங்கையில் 2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. உளவைத்தியரின் மதிப்பீட்டின் பின் கிடைக்கும் அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொள்ளலாம். மருந்துக் கடையில் ஹோர்மோன் வாங்கித் தானாக உட்கொள்வது ஆபத்து.

விடுமுறையில் லயன் வீட்டுக்குப் போனால் பயிற்சி விட்டுப்போகிறது. இடமே இல்லை.

ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். சுவரில் கை ஊன்றித் தண்டால், கதிரையில் உட்கார்ந்தெழுதல், படியில் ஏறியிறங்குதல், தண்ணீர் நிரப்பிய ஐந்து லீற்றர் கலன்கள் இரண்டைப் பிடித்து நடத்தல். வாரத்தில் 150 நிமிட மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்சக் கணக்கு. லயனிலிருந்து பிரதான வீதிக்கு ஏறி இறங்குபவருக்கு அதில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிடும். எல்லோரும் பார்ப்பார்கள் என்றால் அதிகாலையில் செய்யுங்கள், அல்லது தங்கச்சியையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுவர்கள் சேர்ந்ததும் அது விளையாட்டாகிவிடும், யாரும் கேட்கமாட்டார்கள். "என்னம்மா இப்படி மெலிஞ்சு போயிட்ட, அங்க சோறு போடுறதில்லையா?" என்று பெரியம்மா கேட்டால், அது பெரும்பாலும் அன்புதான். "நல்லாத்தான் இருக்கேன் பெரியம்மா, இப்ப மலையேறினா மூச்சு வாங்குறதில்ல" என்று சொல்லிவிட்டுச் சோற்றை வாங்கிச் சாப்பிடுங்கள்.

நீண்ட இடைவெளிக்குப் பின் வளாகம் திரும்பியதும் பழைய எடையை ஒரே நாளில் தூக்காதீர்கள், பாதியிலிருந்து தொடங்குங்கள். கடும் பயிற்சிக்கு மறுநாள் தசை வீங்கிப் பொறுக்க முடியாமல் வலித்து, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் தசை இழைகள் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.